கடகப்பெட்டிக்குக் கீழே ஒரு காலடி

அரக்கு முத்திரையை உடைத்து அட்டைப்பெட்டியைத் திறந்ததும், எலிதான் உள்ளே புகுந்து குதறிவிட்டது என்று நினைத்தாள் மதுமதி. பெட்டி இருந்த கோலம் அப்படி. நாற்பத்தொரு நாளைக்கு முன்னால் தன் கையாலேயே பஞ்சில் பொதிந்து வைத்த காலடி அச்சு அது. இப்போது பஞ்செல்லாம் வெள்ளை மாவு கொட்டிக் கிடந்தது. குதிகால் பக்கம் விரலை வைத்தாள். விரலோடு ஒரு பட்டை பெயர்ந்து வந்தது.

தடயப் பொருளை நாக்கில் வைக்கக் கூடாது என்று மாவட்டத்துப் போலீஸ்காரர்களுக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறவள் அவள்தான். ஆனால் மனசு கேட்கவில்லை. விரல் நுனியில் ஒட்டியதைத் துளி நக்கிப் பார்த்தாள். சுத்தமான உப்பு.

அவள் எட்டு வருஷமாக ராமநாதபுரம் மாவட்டத்தின் நடமாடும் தடயவியல் வண்டியில் போய்வருகிற அதிகாரி. கத்தி, கயிறு, ரத்தக் கறை, கருகிய பாய் என்று எத்தனையோ எடுத்திருக்கிறாள். எடுத்தது கையிலேயே கரைந்துபோனது இதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு மனுஷன் ஜெயிலில் கிடக்கிற வழக்கில்.

அந்த மனுஷன் பெயர் கூத்தையா. முதுகுளத்தூர் பக்கத்து விவசாயக் கூலி. மழை இல்லாத வருஷங்களில் பெண்டாட்டி பூமயிலையும் கூட்டிக்கொண்டு வாலிநோக்கம் வந்து, ஒரு தனியார் உப்பளத்தில் உப்பு வாருகிறவன். அங்கே மேற்பார்வை பார்த்த அருள்முருகன் பங்குனி முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில் ஏழாம் பாத்தி வரப்பில் பின்மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். அதற்கு முந்தின சாயங்காலம்தான் கூத்தையா அவனோடு சண்டை போட்டிருந்தான். எதற்கு? குடிதண்ணீருக்கு. ரெண்டு நாளாகத் தண்ணி வண்டி வரவில்லை. உப்பளத்தில் கண்ணுக்கு எட்டின தூரம் தண்ணிதான், தொண்டையில் இறங்குகிற தண்ணிதான் இல்லை. "நாளைக்கும் தண்ணி வரலேன்னா நீ இங்கன நடமாட முடியாது, பாத்துக்க" என்று பதினெட்டுப் பேர் முன்னால் சொல்லிவிட்டான். கோபத்தில் எவன்தான் இப்படி நாலு வார்த்தை விடாமல் இருக்கிறான்? ஆனால் மறுநாள் காலையில் அருள்முருகன் நிஜமாகவே நடமாடவில்லை. சாயங்காலத்துக்குள் கூத்தையாவைத் தூக்கிவிட்டார்கள்.

அன்றைக்கு மதுமதி போனபோது, முந்தின நாள் தண்ணி பாய்ச்சியதில் வரப்புக் களிமண் இன்னும் ஈரமாக இருந்தது. பிணத்துக்குப் பக்கத்தில், பிணத்தைப் பார்த்தபடி ரெண்டு வெறுங்கால் தடங்கள். செத்தவன் காலில் செருப்பு இருந்தது. வலது காலுக்கு மூன்று என்றும் இடது காலுக்கு நான்கு என்றும் எண் அட்டை வைத்தாள். வலதுதான் நன்றாகப் பதிந்திருந்தது, அதைப் பிளாஸ்டர் மாவு ஊற்றி அச்சு எடுத்தாள். இடதைப் படம் எடுத்ததோடு விட்டாள். உச்சிவெயில், சுற்றிலும் உப்பு. படத்தில் தடம் வெளுத்துப்போய் வெறும் கோடாகத் தெரிந்தது. அச்சு இருக்கிறதே, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டாள்.

பெட்டி நாற்பது நாள் ஸ்டேஷன் அறையில் இருந்தது. கோர்ட்டு உத்தரவு வந்ததும், நேற்றுத்தான் ஜெயிலுக்குப் போய் கூத்தையாவின் கால் ரேகைகளை எடுத்துவந்தாள். மை தடவுகிறபோதே அவளுக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. கோடையில் கண்மாய்த் தரை வெடித்துக் கிடக்குமே, அப்படி இருந்தது அவன் குதிகால். ஒவ்வொரு வெடிப்பிலும் நகம் நுழையும். உப்பளத்துக்காரர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் என்றான். "வலிக்குமா?" என்று கேட்டாள். "இங்க வந்து கொஞ்சம் ஆறியிருக்கு" என்றான், ஜெயிலைச் சொல்கிறான்.

அப்போது அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அன்றைக்கு அச்சைத் தூக்கி மண்ணைத் துடைத்தபோது குதிகால் வழவழவென்று இருந்ததைப் பார்த்தாளே. ஒரு வெடிப்புக்கூட இல்லை. குறிப்பேட்டில் எழுதவில்லை, லேபில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அது உண்மையானால் அந்த வரப்பில் நின்றவன் கூத்தையா இல்லை. உப்பளத்து ஆளே இல்லை.

அதைக் காட்டுகிற குதிகால்தான் இப்போது பஞ்சில் பொடியாகக் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் ராமசுப்பிரமணியனுக்குப் போன் போட்டாள். கெட்ட மனுஷர் இல்லை, அலுத்துப்போன மனுஷர்.

"அச்சு உதிர்ந்துபோச்சு சார்."

"சரிங்க. ஒப்பிட்டுப் பாக்கமுடியலைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. நமக்கு மெரட்டுனதக் கேட்ட சாட்சி பதினெட்டுப் பேர் இருக்காக. சார்ஜ் ஷீட்டுக்குப் போதும்."

போனை வைத்தாள். ஒரு வரிதான். அந்த ஒரு வரியில் கூத்தையாவின் கதை முடிந்தது.

இன்னொரு வழியும் இருந்தது, அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அச்சு எடுத்த அன்றே குதிகால் வழவழப்பைக் கவனித்ததாக எழுதிவிடலாம். பார்த்தது அவள்தானே. யார் கேட்கப் போகிறார்கள்? தாளை எடுத்து எழுதவும் ஆரம்பித்தாள். பாதி வரியில் பேனா நின்றது. நிஜமாகவே அன்றைக்குப் பார்த்தேனா, இல்லை நேற்று அவன் காலைப் பார்த்து மனசு இளகியதில் பார்த்த மாதிரி தோன்றுகிறதா? சிவப்புச் சட்டையை நீலம் என்று சத்தியம் பண்ணுகிற சாட்சிகளை அவள் கோர்ட்டில் பார்த்திருக்கிறாள். ஒருத்தர்கூடப் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்கள். இன்றைக்கு ஒருத்தனைக் காப்பாற்ற ஞாபகத்தை எழுதினால், நாளைக்கு ஒருத்தனை உள்ளே தள்ளவும் அதே கை எழுதும். தாளைக் கிழித்துப் போட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம்.

ஏட்டு மாரீஸ்வரனை வரச்சொன்னாள். அன்றைக்குக் கூட இருந்து உதவியவர் அவர்தான். நாற்பத்தைந்து வயது, தொப்பி கழற்றினால் பாதி வழுக்கை, யாரையும் அதட்டத் தெரியாத போலீஸ்காரர். ஏர்வாடிப் பக்கத்தில் ஒரு விபத்து பார்த்துவிட்டு நேரே உப்பளத்துக்குப் போனதால் அன்றைக்கு வண்டியில் இருந்த தண்ணீர் கேன் காலி. அவரைத்தான் தண்ணிக்கு அனுப்பியிருந்தாள்.

"சார், அன்னைக்கு மாவு கரைக்கக் குடிக்கிற தண்ணி கொண்டுவரச் சொன்னேன். எங்க இருந்து எடுத்தீங்க?"

பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"வாய்க்கால்ல மேடம். பாத்திக்குப் போற வாய்க்கால்."

"உப்புத் தண்ணியா?"

"கொட்டகைக்குத்தான் மேடம் போனேன். பதினெட்டுப் பேருக்கு ஒரே பானை, அதுலயும் கால்வாசிதான் கெடந்துச்சு. அந்தத் தண்ணிக்குத்தான சண்டையே வந்துச்சு. அதப் போயி மண்ணுல ஊத்த எடுக்கவான்னு கை வரல. மாவு கரைக்கத்தான, எந்தத் தண்ணியா இருந்தா என்னன்னு..."

மதுமதிக்குத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? உப்புத் தண்ணியில் கரைத்த மாவு காய்ந்தபிறகு, உள்ளே இருக்கிற உப்பு வெளியே பூத்துப் பூத்து மேல்தோலைத் தின்றுவிடும். இது அவருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். மாவு கட்டின விதமே அன்றைக்குச் சரியில்லை. தண்ணியை வாங்கின கையோடு ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாம். இன்றைக்குப் பார்த்தாளே, அதை அன்றைக்குச் செய்திருக்கலாம். அவருடைய இரக்கமும் இவளுடைய அவசரமும் சேர்ந்து ஒருத்தன் தலையில் விடிந்திருக்கிறது.

"வாங்க, வாலிநோக்கம் போவோம்" என்றாள்.

"அங்கன என்ன மேடம் இருக்கப்போவுது? ஒன்றரை மாசமாச்சு. பத்துத் தடவ உப்பு வாரியிருப்பாக. வரப்பெல்லாம் மிதிச்சே போயிருக்கும்."

"தெரியும். வாங்க."

வழியில் ஏர்வாடியில் வண்டியை நிறுத்தச்சொல்லி மாரீஸ்வரன் கடைக்குப் போனார். ரெண்டு பெரிய குடிதண்ணி கேன்களைத் தூக்கிவந்து பின்னால் வைத்தார். ஒன்று போதுமே என்றாள். "ஒண்ணு அவுகளுக்கு" என்றார். கடல் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. சித்திரையில் ஒரு மழை வரும், வந்தால் அடித்துத் தீர்த்துவிடும். மதுமதி மேகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

உப்பளத்துக்குள் இறங்கி நடந்தார்கள். ஐந்தாம் பாத்தியில் உப்பு குவித்திருந்தது, ஆறாம் பாத்தியில் ரெண்டு பேர் வாரிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் பாத்தி சும்மா கிடந்தது. வாராத உப்பு அழுக்கேறிக் கட்டிதட்டிப்போயிருந்தது. சுற்றிலும் கம்பு நட்டு, போலீஸ் கட்டின மஞ்சள் நாடா. வெயிலில் வெளுத்து, காற்றில் அறுந்த இடத்திலெல்லாம் பழைய சேலைக் கிழிசலால் முடிச்சுப் போட்டிருந்தது. நாடாவுக்கு உள்ளே, வரப்பின் மேல் ஒரு பனையோலைக் கடகப்பெட்டி கவிழ்ந்திருந்தது. மேலே ஒரு கல்.

மதுமதி நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஆறாம் பாத்தியில் இருந்து வாருபலகையைப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள். ஒல்லியான உடம்பு, தலையில் துண்டு. பூமயில். அன்றைக்குப் புருஷனை ஏற்றிக்கொண்டு போன வண்டிக்குப் பின்னால் ஓடினவள்.

"வந்துட்டீங்களா" என்றாள். கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"இது யாரு மூடி வச்சது அக்கா?"

"நாந்தேன். ஒரு தடத்துக்கு மாவு ஊத்துனீக, இன்னொண்ணுக்கு நம்பர் மட்டும் வச்சுட்டுப் போனீக. மறுக்கா வந்து எடுப்பீகன்னு நெனச்சேன். எங்க ஊருல ஆடு களவு போனா, ஆளு வந்து தடம் பாக்குறவரைக்கும் கடகத்தக் கவுத்தி வச்சிருப்பாக. இல்லாட்டி கோழி மிதிச்சிரும், நண்டு தோண்டிரும்."

"இத்தனை நாளா யாரும் உள்ள வரலையா?"

"எப்பிடி வருவாக? நீங்கதான சொன்னீக, நாங்க சொல்றவரைக்கும் யாரும் கயித்தத் தாண்டக் கூடாதுன்னு. அளத்துக்காரரு ரெண்டு தடவ அவுக்கச் சொன்னாரு. போலீஸ் வந்து சொல்லட்டும்னேன். கயிறு கட்டிட்டுப் போனவுக வராமலா போயிருவாகன்னேன்."

மதுமதிக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. வேலை முடிந்ததும் இடத்தை விடுவிக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லி, நாடாவை அவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். சட்டமே அதுதான். அன்றைக்கு அவள் சொல்லவில்லை. மறந்துபோய்விட்டாள். இவள் என்னடாவென்றால் அந்த மறதியை ஒரு கட்டளையாக வைத்து நாற்பத்தொரு நாள் காத்திருக்கிறாள்.

மாரீஸ்வரன் பெட்டியின் பக்கம் போகக் கால் வைத்தார். "தொடாதீங்க சார்" என்றாள் மதுமதி. இன்ஸ்பெக்டருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் போன் பண்ணினாள். சாட்சி இல்லாமல் அந்தப் பெட்டியைத் தூக்கினால், உள்ளே இருப்பது பெண்டாட்டி செய்துவைத்த தடம் என்று நாளைக்கு அரசு வக்கீல் ஒரே வாயில் ஊதித் தள்ளிவிடுவார். அவர்கள் வர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் காற்று ஏறிக்கொண்டே இருந்தது. பூமயில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடகத்துக்கு நேரே வரப்போரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூட என் புருஷன் வந்துருவாரா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மதுமதிக்குச் சொல்ல ஒன்றுமில்லை, உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது.

மாரீஸ்வரன்தான் பொறுக்கமாட்டாமல் பேசினார். "தாயி, அன்னைக்கு ஒங்க பானைத் தண்ணிய எடுக்க மனசு வராம வாய்க்கால் தண்ணிய அள்ளிட்டுப் போனது நாந்தேன். அதுல அந்த அச்சே பாழாப்போச்சு."

பூமயில் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்போமே ஏட்டய்யா" என்றாள். "எம் புருசனும் அப்ப அங்கனதான உக்காந்திருந்தாரு."

அவர் வண்டிக்குப் போய்க் கேன்களைத் தூக்கிவந்து, ஒன்றைக் கொட்டகையில் இறக்கிவைத்தார்.

ராமசுப்பிரமணியன் வந்தார். கிராம நிர்வாக அலுவலரும் வந்தார். எல்லோர் முன்னாலும், வீடியோ ஓட, மதுமதி கல்லை எடுத்தாள். பிறகு கடகத்தை நிமிர்த்தினாள்.

இடது கால். நாற்பத்தொரு நாள் காய்ந்து, வெயிலில் சுட்ட செங்கல் போல இறுகிக் கிடந்தது. பெருவிரலை ஒட்டி ஒரு சின்னச் சிப்பி அமுங்கியிருந்தது. போனில் இருந்த முதல்நாள் படத்தை எடுத்துப் பார்த்தாள். வெளுத்த படம்தான், ஆனாலும் அதே இடத்தில் அதே சிப்பி, அதே சாய்மானம். தடம் அதேதான்.

குதிகாலில் விரலளவுக்கு ரெண்டு கோடுகள் ஓடின. ராமசுப்பிரமணியன் குனிந்து பார்த்து, "வெடிப்பு இருக்கேங்க" என்றார். பூமயில் மூச்சை இழுத்துப் பிடித்தது மதுமதிக்குக் கேட்டது.

மண்டியிட்டு, டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சார், காலுல வெடிப்பு இருந்தா அதுக்குள்ள மண்ணு ஏறும். தடத்துல அது மேடாத்தான் நிக்கும், வரப்பு மாதிரி. இது ரெண்டும் பள்ளம். மண்ணு காயும்போது தானா விட்ட வெடிப்பு. மத்த இடத்தப் பாருங்க. ஒரு மேடு இருக்கா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு வரப்போரம் நின்ற பூமயிலின் கால்களைப் பார்த்தார். ஆறாம் பாத்தியில் நின்றவர்களின் கால்களைப் பார்த்தார். கடைசியில் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

"இது செருப்புப் போட்டே வளந்த காலு" என்றார், மெதுவாக. "அப்ப யாருங்க?"

"அது எனக்குத் தெரியாது சார். கூத்தையா இல்ல. அது மட்டும் தெரியும்."

பூமயில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

மாரீஸ்வரன் கேனைத் திறந்து, கேட்காமலேயே மதுமதியின் உள்ளங்கையில் துளி ஊற்றினார். அவள் நக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். முதலில் பக்கவாட்டு வெளிச்சத்தில் படங்கள், பிறகு மாவு. அது கட்டுகிறவரைக்கும் நாலு பேரும் ஆளுக்கொரு மூலையாகத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அச்சைத் தூக்கிப் பெட்டியில் வைத்து வண்டிக்குள் ஏற்றவும் மழை பிடித்துக்கொண்டது. கால் மணி நேரத்தில் வரப்பின் மேல்மண் கரைந்துபோனது.

அறிக்கையின் முதல் பத்தியில் தன் ரெண்டு தவறுகளையும் எழுதினாள். கரைத்த தண்ணீரைச் சோதிக்காதது, இடத்தை விடுவிக்காமல் போனது. மாரீஸ்வரன் பெயர் அதில் வரவில்லை. மேலிடத்தில் இருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, அதற்கும் பதில் எழுதினாள். அருள்முருகனை அடித்தவனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். செருப்புப் போட்டு வளர்ந்த காலோடு உப்பளத்துக்கு வந்துபோகிறவர்கள் ரொம்பப் பேர் இல்லை, அகப்படுவான் என்கிறார் இன்ஸ்பெக்டர். கூத்தையாவை வைகாசி ரெண்டாம் வாரத்தில் விட்டார்கள்.

மறுநாள் மதுமதி வாலிநோக்கத்துக்குப் போனாள், மாரீஸ்வரனும் வந்தார். ஏழாம் பாத்தியில் அந்த நாடா இன்னும் இருந்தது. மழையில் அறுந்த இடத்தில் புதுசாக ஒரு சேலைக் கிழிசல். பூமயில் அவிழ்க்கவில்லை.

"அக்கா, எங்க வேலை முடிஞ்சிருச்சு. இந்த இடத்த விடுவிச்சாச்சு" என்றாள் மதுமதி. அன்றைக்குச் சொல்லாமல் போன வார்த்தை. சொல்லிவிட்டுத் தன் கையாலேயே முடிச்சுகளை அவிழ்த்தாள். பூமயில் சேலைக் கிழிசல்களைத் தனியாகச் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

கூத்தையா ஜெயில் தாடியோடு பக்கத்தில் நின்றான். கும்பிடவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை, எதற்குச் சொல்ல வேண்டும்? வரப்பில் ஏறி நடந்தான். ஈர மண்ணில் அவன் குதிகால் பதிந்த இடத்தில் வெடிப்புகள் குட்டிக் குட்டி மேடுகளாக நின்றன. மதுமதி அதைத் தாண்டிக் கால் வைத்தாள்.

அவன் நேரே கொட்டகைக்குப் போய்ப் பானை மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு பூமயில் பக்கம் திரும்பினான்.

"இன்னைக்கும் தண்ணி வரலையா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். மாரீஸ்வரன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, கொட்டகையில் கிடந்த காலிக் கேனையும் தூக்கிக்கொண்டு மதுமதியிடம் வண்டிச் சாவியைக் கேட்டார்.